கடித்த பின் வரும் சொல்: கொரியாவில் ஏழு நாட்கள்

முதல் நாள்: சியோல், அக்டோபர் 20

குவாங்ஜாங் சந்தைக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு முன்பாகக் காதுதான் விழித்துக்கொள்கிறது. 1905இல் தொடங்கிய இந்தச் சந்தையின் நடுப்பாதையில் பலகை இருக்கைகளை வரிசையாகப் போட்டு, ஊறவைத்த பாசிப்பயற்றை மோட்டார் பொருத்திய திரிகையில் அரைத்து, அந்த மாவோடு முளைப்பயறும், காரமிட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோசான கிம்ச்சியும், பன்றி இறைச்சியும் கலந்து, எண்ணெய் ததும்பும் இரும்புக் கல்லில் 'பிந்தேதொக்' சுடுகிறார்கள். கல்லிலிருந்து மாவு வழிந்து இறங்கும் அழகைப் பார்த்தபோது பெசரட்டு நினைவுக்கு வந்தது. ஆனால் இது தடிமனில் ஊத்தப்பத்தையும் மிஞ்சும். ஓரமெல்லாம் எண்ணெயில் பொரிந்து சிவந்திருக்கும்.

கடைக்கார அம்மையாருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். இத்தகைய கடைகளில் பரிமாறும் பெண்களை 'இமோ' என்று அழைப்பது இங்கு வழக்கம். தாயுடன் பிறந்தவள் என்று பொருள். நம் வீட்டுச் சொல்லில் சித்தி அல்லது பெரியம்மா. "இமோ, ஒன்று கொடுங்கள்" என்றேன். தட்டை வைத்தவர், கரண்டி விளிம்பால் அப்பத்தின் ஓரத்தைத் தட்டிக் காட்டி "பசாக் பசாக்" என்றார். பிறகு பக்கத்துக் கிண்ணத்தில் சோயா சாற்றில் ஊறிக்கொண்டிருந்த வெங்காயத்தைக் காட்டி "இது அசாக் அசாக்" என்றார். தலைக்கு மேல் தொங்கிய ஆங்கிலப் பலகையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் எழுதியிருந்தது: 'கிரிஸ்பி'.

இந்தப் பயணத்துக்குக் காரணமே அதுபோன்ற ஒரு சொல்தான். உணவுப் பொட்டலங்களின் மேல் அச்சாகும் வாசகங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் தொழில்களுள் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் கொரிய நூடுல்ஸ் ஒன்றின் வாசகத்தை அனுப்பியது. அதில் 'ச்சூயி' என்று இருந்ததை, அகராதியையும் என் அறிவையும் நம்பி, 'சவ்வு போன்ற தன்மையுடையது' என்று எழுதி அனுப்பினேன். "இதைப் படித்து யாராவது வாங்குவார்களா?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கொரிய மூலத்தை வாங்கிப் பார்த்தபோதுதான், அங்கே புகழ்ச்சியாக நின்ற சொல் ஆங்கிலத்தில் வெறும் வருணனையாகி, என் கையில் வசையாக முடிந்திருப்பது புரிந்தது. அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் மாலை வகுப்பில் கொரியம் படித்தேன். கையில் ஒரு கோடு போட்ட குறிப்பேடு. அதில் மூன்று பத்திகள்: கொரியம், ஆங்கிலம், தமிழ்.

முதல் பக்கத்தில் பசாக்கும் அசாக்கும் ஏறின. ஆங்கிலத்தில் கீரை இலையும் 'கிரிஸ்ப்', வறுத்த ரொட்டியும் 'கிரிஸ்ப்'. கொரியம் இந்த இரண்டையும் நீரை வைத்துப் பிரிக்கிறது. உள்ளே நீர் இருந்து, பல் பட்டதும் அது தெறிக்குமானால் அசாக்: ஆப்பிள், வெள்ளரி, நன்கு பதப்பட்ட கிம்ச்சி. நீர் வற்றிப்போய்ப் பொருள் நொறுங்குமானால் பசாக்: அப்பளம், எண்ணெயில் பொரித்த பண்டங்கள், காலடியில் நொறுங்கும் சருகு. நாமும் ஏறத்தாழ அப்படித்தான் செய்கிறோம். முறுக்கை மொறுமொறு என்போமே தவிர, வெள்ளரிப் பிஞ்சை ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டோம். அது 'நறுக்'கென்று இருக்கும். மொறுமொறுப்பு போனால் 'நமத்துவிட்டது' என்று அதற்கென ஒரு வினையே வைத்திருக்கிறோம்.

ஒரு வேறுபாடும் உண்டு. இரட்டைக்கிளவி பிரிந்து நின்றால் பொருள் தராது என்பது நம் இலக்கண விதி. கொரியத்தில் பிரியும். பேரிக்காயில் ஒரு கடி 'அசாக்'; தொடர்ந்து மென்றால் 'அசாக் அசாக்'. எத்தனை முறை கடித்தோம் என்ற கணக்கும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இளைஞர்களின் வாயில் 'கொத்பா-சொக்சொக்' என்ற சுருக்கச் சொல் புழங்குகிறது. வெளியே பசாக், உள்ளே ஈரப்பதம் என்ற நீண்ட தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கட்டியது. என் தட்டில் இருந்ததற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது.

இரண்டாம் நாள்: சியோல், அக்டோபர் 21

இன்று காலை ஒரு பழைய சந்தைச் சந்தில் எள் செக்கு நடத்தும் கடைக்கு முன் அரைமணி நேரம் நின்றேன். உள்ளே எள்ளை வறுத்துப் பிழிகிறார்கள். நம் நல்லெண்ணெய்க்கு எள்ளை வறுப்பதில்லை. இவர்கள் நன்றாக வறுத்த பிறகே பிழிவதால் எண்ணெய் பழுப்பு நிறமாகி, தெருமுனை வரை மணக்கிறது. அந்த மணத்துக்கும் அந்தச் சுவைக்கும் சேர்த்து ஒரே சொல்: 'கொசோஹாதா'. ஆங்கில உணவுப் பட்டியல்களில் இது 'நட்டி' என்று வரும். கொட்டைப் பருப்பின் சுவை என்று பொருள். ஆனால் கொரியர்கள் பாலையும், சுட்ட மீனின் கொழுப்பையும், பொரித்த குடலையும்கூடக் கொசோ என்கிறார்கள். மீனில் ஏது கொட்டைப் பருப்பு? கொழுப்பு, சூடு, வறுத்த வாசனை மூன்றும் சேர்ந்து நாவில் படரும் நிறைவுதான் இந்தச் சொல். தமிழ்ப் பத்தியில் என்ன எழுதுவதென்று நெடுநேரம் யோசித்துவிட்டு, 'வறுத்த மணம்' என்று பென்சிலால் எழுதினேன். போதாது என்று தெரிந்தேதான் எழுதினேன்.

இந்தச் சொல்லுக்கு ஒரு குறும்பும் உண்டு. பிடிக்காதவர் ஒருவர் சறுக்கி விழும்போது உள்ளுக்குள் எழும் மகிழ்ச்சியையும் 'கொசோஹாதா' என்பார்கள். இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டுமானால் 'எள்ளுப்பொடிச் சுவை' என்பார்கள். ஆங்கிலம் இந்த உணர்ச்சிக்கு ஜெர்மானியச் சொல்லைக் கடன் வாங்கியது. நாம் 'நல்லா வேணும்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அதை நாவில் வைத்துச் சுவைத்துப் பார்த்தவர்கள் கொரியர்கள்.

மதியம் கல்சட்டிச் சோறு சாப்பிட்டேன். சோற்றை வழித்து எடுத்த பின், அடியில் பிடித்த தீய்ந்த சோற்றின் மேல் வெந்நீர் ஊற்றி மூடி வைத்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடிக்கும்போது அது 'சுங்னியுங்' என்ற பானமாக ஆகியிருக்கிறது. அதை ஒரு வாய் குடித்துவிட்டு, காலையில் கற்ற சொல்லைப் பயன்படுத்தும் ஆசையில் "கொசோஹாதா" என்றேன். எதிர் மேசை முதியவர் தலையசைத்து, "இல்லை, கூசூஹாதா" என்று திருத்தினார்.

உயிரெழுத்துகளை மாற்றினால் சுவை மாறுகிறது. எனக்கு இந்தப் பயணத்தில் இதுவரை கிடைத்த பெரிய விருந்து இதுதான். கொரிய மொழியில் ஆ, ஓ போன்ற ஒலிகள் ஒளி பொருந்தியவை; சிறியது, கூர்மையானது, இலேசானது என்ற உணர்வைத் தருபவை. ஊவும், தமிழில் வேறு வழியின்றி 'ஒ' என்றே நான் எழுதும், உதடு குவியாத ஓர் ஒலியும் இருண்டவை. பெரியது, கனமானது, ஆழமானது. எள்ளெண்ணெய் மேலே பறப்பதால் கொசோ. தீய்ந்த சோற்று நீரும், வறுத்த பார்லித் தேநீரும், சோயா விழுதுக் குழம்பும் கீழே இறங்கிப் படிவதால் கூசூ. மெல்லிய ஆப்பிள் துண்டு 'அசாக்' என்றால், பெரிய முள்ளங்கித் துண்டை வாய் நிறையக் கடிப்பது 'ஒசொக்'. விரலால் அழுத்தினால் இதமாக அமுங்கும், 'தொக்' என்ற கொரிய அரிசிப் பிட்டு 'மல்லாங்'; கனிந்து தளர்ந்து சரியும் பழம் 'முல்லொங்'. மன்னர் சேஜோங் 1446இல் வெளியிட்ட கொரிய எழுத்து முறையிலும் இந்தப் பகுப்பு வடிவமாகவே இருக்கிறது. வானத்தைக் குறிக்கும் புள்ளி நிலக்கோட்டுக்கு மேலே நின்றால் ஒளி உயிர், கீழே போனால் இருள் உயிர்.

நமக்கும் கடகட, கிடுகிடு, குடுகுடு என்று உயிர் மாறினால் ஓட்டம் மாறுவது தெரியும். ஆனால் அது காதால் பழகிய வழக்கமே தவிர, இப்படி வாய்பாடாக விரியவில்லை. (இதைப் படித்ததும் 'அப்பா' என்ற சொல் இரு மொழியிலும் இருக்கிறதே என்று யாராவது எழுதக்கூடும். உலகில் பாதி மொழிகளில் குழந்தைகள் அம்மாவையும் அப்பாவையும் ஏறத்தாழ ஒரே ஒலிகளால்தான் அழைக்கின்றன. அதை வைத்து உறவுமுறை கொண்டாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.)

ஆங்கிலத்தைக் குறை சொல்ல மட்டுமே இங்கு வந்தேன் என்று எண்ண வேண்டாம். அதற்கும் 'கிரஞ்ச்', 'கிரிஸ்ப்', 'கிரம்பிள்' என்று ஒலியிலேயே நொறுங்கும் சொற்கள் உண்டு. மாவும் வெண்ணெயும் பாலேடும் சேரும் இடத்தில், படலம் படலமாக உதிர்வதற்கு ஒன்று, மணலாகப் பொடிவதற்கு ஒன்று என்று அது நுணுகி நுணுகிப் பேசும். ரொட்டி சுட்ட நாவுக்கு ரொட்டிச் சொற்கள். அரிசிப் பிட்டின் முன்னால் வந்து நிற்கும்போதுதான் அதற்குத் தொண்டை அடைக்கிறது.

மூன்றாம் நாள்: ஜொன்ஜு, அக்டோபர் 22

அதிவேக ரயிலில் ஜொன்ஜுவுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டேன். 2012இல் யுனெஸ்கோ உணவுக் கலை நகரமாக அறிவித்த ஊர் இது. எல்லோரும் கலவைச் சோறான பிபிம்பாப் சாப்பிட வருவார்கள். நான் முளைப்பயற்றுச் சூப்புச் சோற்றுக்காக வந்தேன். முதல் நாள் இரவு குடித்தவர்கள் மறுநாள் காலையில் தெளிவதற்காகச் சாப்பிடும் உணவு. எனக்குத் தெளிய வேண்டிய தேவை எதுவும் இல்லை என்றாலும், அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்தால்தான் நான் தேடிவந்த சொல் காதில் விழும் என்று தெரியும்.

விழுந்தது. மண்சட்டியில் தளதளவென்று கொதித்துக்கொண்டே வந்த சூப்பை, பக்கத்து மேசைக்காரர் நீளமான கரண்டியால் அள்ளி ஊதக்கூட ஊதாமல் விழுங்கினார். கண்ணை மூடினார், நெற்றி வியர்த்தது, நீண்ட பெருமூச்சோடு "ஆ, ஷிவொன்ஹாதா" என்றார். அகராதியில் இந்தச் சொல்லுக்கு முதல் பொருள் குளுமை. மாலைக் காற்று ஷிவொன். பனிக்கட்டி போட்ட நீர் ஷிவொன். நாவைச் சுடும் சூப்பும் ஷிவொன்! வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கிய தந்தை "ஷிவொன்ஹாதா" என்று சொல்லக் கேட்டுக் குழந்தை குதித்துவிட்டு அலறுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவை.

மேசையில் இருந்த ஆங்கில அட்டை இதை 'ரிஃப்ரெஷிங்' என்றது. எலுமிச்சைச் சாற்றுக்கும் பல்பசைக்கும் சொல்லும் சொல்லை வெந்நீர்ச் சட்டியின் மேல் ஒட்டிவைத்திருக்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், ஆங்கிலச் சொல் உணவைப் பற்றிப் பேசுகிறது. கொரியச் சொல்லோ அதை உண்டவனின் நெஞ்சுக்குழியைப் பற்றிப் பேசுகிறது. அடைத்திருந்த ஒன்று திறந்துகொண்டது, இறுகியிருந்தது தளர்ந்தது என்பதுதான் ஷிவொன். முதுகைப் பிடித்துவிட்டாலும் ஷிவொன், நெடுநாள் இழுத்த வழக்கு முடிந்தாலும் ஷிவொன். சளி பிடித்த நாளில் மிளகு ரசத்தைச் சூடாகக் குடித்துவிட்டு நாம் 'இதமாக இருக்கிறது' என்போமே, அந்த இதம் இதற்கு மிக அருகில் வருகிறது. தமிழ்ப் பத்தியில் முதல் முறையாக மையால் எழுதினேன்.

சமையலறை இமோவிடம் முளைப்பயறு வேகும்போது ஏன் மூடியைத் திறப்பதில்லை என்று கேட்டேன். பாதியில் திறந்தால் 'பிரிதா' ஆகிவிடும் என்றார். மீன் கவிச்சிக்கும், வேகாத பயற்றின் பச்சை வாடைக்கும் இவர்களுக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் இதற்கு இருக்கும் ஒரே வழி மீனின் பெயரைச் சொல்லுவது; 'மீன் வாடை அடிக்கும் பயறு' என்று எழுதிய ஒரு சமையல் குறிப்பை முன்பு படித்துவிட்டு, எவரோ தவறாக மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்று நகைத்திருக்கிறேன். தவறு செய்தது நான்தான். நமக்குக் கவிச்சியும் பச்சை வாடையும் வேறுவேறு. கொதித்து அடங்காத சாம்பாரில் வருவது பச்சை வாடை. அதைக் கவிச்சி என்று சொன்னால் சமைத்தவர் சண்டைக்கு வந்துவிடுவார்.

காரம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் 'ஸ்பைசி' என்ற ஒரு சொல்லுக்குள் பட்டை, கிராம்பு, மிளகு, மிளகாய் எல்லாமே அடங்கும். இங்கே மிளகாய்க் காரம் மட்டுமே பல நடை நடக்கிறது. இலேசாக நாவைச் சீண்டினால் 'மேகொம்'. சூப்பின் சூட்டோடு ஏறி உடம்பு முழுவதும் பரவினால் 'ஒல்குன்'. அளவாகப் போதை ஏறிய நிலைக்கும் அதே சொல்தான். தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கினால் 'கல்கல்'. நம்முடைய உறைப்பு, காட்டம், கமறல், 'சுள்'ளென்று இருப்பது ஆகியவற்றை எதிரெதிரே நிறுத்திப் பார்த்தேன். ஒன்றும் முழுதாகப் பொருந்தவில்லை, ஒன்றும் முழுதாக விலகவும் இல்லை.

நான்காம் நாள்: நாஜு, யோங்சான்போ, அக்டோபர் 23

யோங்சான் ஆற்றங்கரையில் 1915இல் கட்டிய ஒரு சிறிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே ஏன் ஒரு விளக்கம் என்றால், 1981இல் கழிமுகத்தில் அணை வரும்வரை படகுகள் இந்தத் துறை வரை வந்துகொண்டிருந்தன. தென்மேற்கே ஹூக்சான் தீவிலிருந்து பல நாள் பயணத்தில் வந்த மீன்கள் கெட்டுப்போக, திருக்கை மட்டும் உண்ணத்தக்கதாக இருந்தது என்றும், அப்படித்தான் பதப்படுத்திய திருக்கை உணவு பிறந்தது என்றும் இவ்வூரார் சொல்கிறார்கள். அந்த மீனின் உடலில் உள்ள யூரியா சிதைந்து அம்மோனியாவாகி, மற்ற கிருமிகளை அண்டவிடுவதில்லை.

திருக்கைக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், வாசனையை வைத்தே வழி கண்டுபிடிக்கலாம். ஆங்கிலத்தில் இதைப் பற்றி எழுதும் எவரும் பொதுக் கழிப்பறையை ஒருமுறையாவது உவமை சொல்லாமல் விட்டதில்லை. பொய்யான உவமை அன்று. ஆனால் அது மூக்கு தொலைவில் நின்று சொல்லும் சொல். கொரியர்கள் வாயில் போட்ட பின் நடப்பதைச் சொல்கிறார்கள்: 'தொக் ஸோதா', அதாவது சட்டென்று கொட்டுகிறது, தேனீ கொட்டுவதற்கும் அம்பு எய்வதற்கும் உரிய வினை அது. அடுத்து "மூக்கு 'ப்பொங்'கென்று திறந்துகொள்ளும்" என்றார் பரிமாறியவர். ஒரு துண்டு திருக்கை, ஒரு துண்டு பன்றி இறைச்சி, நாள்பட்ட கிம்ச்சி இலை ஒன்று மூன்றையும் அடுக்கி வாயில் வைத்தேன். முதலில் குருத்தெலும்பு பல்லுக்கிடையே 'ஒதொக் ஒதொக்'கென்று உடைந்தது. மூன்றாவது மெல்லலில் மூக்கு திறந்தது, கண்ணீர் வந்தது, மேலண்ணம் எரிந்தது. பிடித்ததா என்றால் பிடிக்கவில்லை. ஆனால் சொல் துல்லியமானது என்று சான்று அளிக்க முடியும்.

அதைவிட என்னைக் கவர்ந்தது வேறு ஒரு வினை. இந்த மீன் 'அழுகவில்லை', 'சாக்தா' ஆயிற்று. அழுகுவதற்குச் சொல் 'ஸொக்தா'. ஒலியில் இரண்டும் அக்காள் தங்கை. பொருளில் ஒன்று விருந்து, மற்றொன்று குப்பை. கோபத்தை உள்ளே வைத்து மெல்ல ஆற்றிக்கொள்வதற்கும் 'சாக்' என்ற அந்த வேரிலிருந்து வரும் வினையையே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ஃபெர்மென்ட்' என்றால் ஆய்வுக்கூடத்துக் குழாய் கண்முன் வருகிறது. நமக்கு மாவு புளிக்கும், சாம்பார் ஊசிப்போகும், பழம் அழுகும், ரொட்டி பூசணம் பூக்கும். கெடுவதற்கு இத்தனை வாசல் வைத்த மொழி, கெடாமல் மாறுவதற்குப் புளிப்பை மட்டும் நம்பியிருக்கிறது.

மாலையில் நாஜுவின் புகழ்பெற்ற மாட்டிறைச்சிச் சூப்பான கொம்தாங் ஒரு கிண்ணம். நெடுநேரம் கொதித்து வற்றியது என்பது பெயரின் பொருள். 'கொம்' என்பதற்குக் கரடி என்றும் பொருள் இருப்பதால், எந்திர மொழிபெயர்ப்பில் இது 'கரடி சூப்' ஆகிப் பல பட்டியல்களில் ஏறிய கதையைக் கொரியர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஐந்தாம் நாள்: பேருந்தில், அக்டோபர் 24

குவாங்ஜுவிலிருந்து பூசானுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல். சாப்பிட்டது ஒரு சீஸ் ரொட்டி மட்டும். பக்கத்து இருக்கைக் கல்லூரி மாணவி அதே ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு "நுக்கிஹாதா" என்றாள். எண்ணெயும் கொழுப்பும் தொண்டையில் நின்று போதும் போதும் என்று சொல்ல வைக்கும் நிலை. நம் திகட்டல்தான், ஆனால் இனிப்புக்கு அன்று, கொழுப்புக்கு. சற்று நேரத்தில் கைப்பேசியில் ஒரு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தவள், கதாநாயகன் கண்ணைச் சுருக்கி ஏதோ சொன்னதும் மீண்டும் "நுக்கி" என்று முகம் சுளித்தாள். ஆங்கிலத்தில் ஒருவனை எண்ணெய்ப் பிசுக்கு என்றால் அவன் ஏமாற்றுக்காரன் என்ற பொருள் வந்துவிடும். தமிழ்க் கல்லூரி மாணவியாக இருந்தால் "வழிகிறான்" என்று சொல்லியிருப்பாள்; எண்ணெய் இங்கேயும் வழிகிறது, அங்கேயும் வழிகிறது.

உப்புக் குறைந்த உணவு 'சிங்கொப்தா'. சாரமில்லாமல் பேசுகிற ஆளும் அதே. நம் 'உப்புச்சப்பில்லாத' பேச்சை இதன் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். உப்பு மிகுந்தது 'ச்சாதா'; கஞ்சனும் மதிப்பெண் போடக் கை வராத ஆசிரியரும் அதே சொல்லுக்குள் வருவார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2021இல் ஒரே சமயத்தில் 26 கொரியச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. பஞ்சான், புல்கோகி, கிம்பாப், ஜப்சே, சம்கியோப்சல் என்று உணவுப் பெயர்கள் அதில் நிறைய. தட்டில் இருப்பதை எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். அதைக் கடித்ததும் கொரியர்கள் சொல்வதை வாங்கவில்லை. இத்தாலியரிடமிருந்து 'அல் டென்டே'யையும் ஜப்பானியரிடமிருந்து 'உமாமி'யையும் வாங்கியவர்கள்தான், ஆகவே முடியாது என்பதில்லை.

ஆறாம் நாள்: பூசான், அக்டோபர் 25

ஜகால்ச்சி மீன் சந்தை. தொட்டியில் நீந்தும் மீனைக் காட்டினால் பத்து நிமிடத்தில் துண்டுகளாகத் தட்டில் வருகிறது. ஜப்பானியர்கள் மீனைச் சில மணி நேரமோ சில நாளோ வைத்திருந்து அதன் மென்மையையும் ஊறிய சுவையையும் தேடுவார்கள். கொரியர்கள் பெரும்பாலும் உயிரோடு இருந்ததை உடனே அறுத்து, அதன் இழுவையைத் தேடுகிறார்கள். அந்த இழுவைக்குப் பெயர் 'ஜொல்கித்'. எனக்குத் திரும்பி வந்த பொட்டலத்தில் இருந்த சொல்.

மீனிலிருந்து தொடங்கி, சந்தைக்கு வெளியே தொக்பொக்கிக் கடையில் முடித்தேன். விரல் தடிமனில் வெள்ளைவெளேரென்ற அரிசி உருளைகள் சிவப்புக் குழம்பில் மூழ்கிக் கிடக்கின்றன. ஒன்றைக் கடித்தேன். பல் இறங்கும்போது அது எதிர்க்கிறது, விடும்போது எழும்பி வருகிறது. வாய்க்கும் அதற்கும் நடக்கும் இந்தச் சிறு மல்யுத்தம்தான் ஜொல்கித். இதில் ஒட்டும் தன்மை கூடி, பல்லை விட்டுப் பிரிய மனமில்லாமல் வந்தால் 'ஜொன்தூக்'. சோறோ நூடுல்ஸோ சற்று விறைப்பாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றால் 'கொதுல் கொதுல்'. ஆங்கிலத்தின் 'ச்சூயி' எவ்வளவு நேரம் மெல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லுகிறது. இறைச்சிக்குச் சொன்னாலோ அது முறையீடு.

இங்கே தமிழும் ஆங்கிலத்தின் பக்கம்தான் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்கு இட்டிலி பூப்போல இருக்க வேண்டும், இடியாப்பம் உதிர வேண்டும், அல்வா வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இழுத்தால் 'ஜவ்வு', மெல்ல நேரமானால் 'ரப்பர்'. இழுவையைப் போற்றும் சொல் நம்மிடம் இல்லாததற்கு மொழி காரணமில்லை. அதை நம் வாய் கேட்கவில்லை. அன்று நான் எழுதிய 'சவ்வு' அகராதிப்படி பிழையாக இருந்திருக்காது, அடுக்களைப்படிதான் பிழை.

இரவு, கரியில் சுட்ட ஒரு சிறு மீன். 'ஜொனோ' என்று பெயர்; இலையுதிர்காலத்து மீன். அதன் மணத்துக்கு ஓடிப்போன மருமகளும் வீடு திரும்புவாள் என்பது பழமொழி. இன்னொரு பழமொழி, அதன் தலைக்குள் மூன்று 'மால்' எள் இருப்பதாகச் சொல்கிறது. ஒரு மால் ஏறத்தாழ 18 லிட்டர். கையளவு மீனின் தலையில் 54 லிட்டர் எள்! மீன் ஏன் கொசோ என்று இரண்டாம் நாள் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கே, கரி படிந்த தட்டில் கிடைத்தது. தலையோடு மென்றேன், எள் இருக்கத்தான் செய்தது.

ஏழாம் நாள்: சாங்ஜு, அக்டோபர் 26

டேகுவில் பேருந்து மாறிச் சாங்ஜு வந்தேன். அரிசி, பட்டுக்கூடு, உலர்ந்த சீமைப்பனிச்சைப் (பெர்சிமன்) பழத்தின் மேல் படியும் வெண்பொடி ஆகிய மூன்று வெண்மைகளின் ஊர் என்று இதற்குப் பெயர். பனி இறங்கும் பருவம் தொடங்கியதும் இந்தப் பழத்தைப் பறித்துத் தோல் சீவிக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நான் போன வீட்டில் கொட்டகை முழுவதும் ஆரஞ்சு நிறத் திரைச்சீலை போட்டதுபோல் ஆயிரக்கணக்கில் தொங்கின.

அந்த வீட்டு ஹல்மொனி, அதாவது பாட்டி, என்னைப் பார்த்ததும் குறும்பாகச் சிரித்து, சீவிய பழத்திலிருந்து ஒரு கீற்று வெட்டிக் கொடுத்தார். பார்வைக்கு நன்கு பழுத்ததுதான். வாயில் வைத்த மறுகணம் நாக்கு மரத்து, கன்னத்தின் உட்புறம் சுருங்கி, பல்லின் மேல் மாவு பூசியதுபோல் ஆயிற்று. "தொல்ஜி?" என்று கேட்டு அவர் கைதட்டிச் சிரித்தார். 'தொல்தா' என்பது வினைபோல் திரியும் ஒரு சொல். இங்கே மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் இதற்கான 'அஸ்ட்ரின்ஜென்ட்' மருந்துக்கடைப் புட்டியின் மேல் இருக்கும் சொல். முகம் சுருங்குவதைச் சொல்ல 'பக்கர்' என்று நல்ல சொல் ஒன்று உண்டு என்றாலும், எலுமிச்சைப் புளிப்பும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஒரே பழம்தான். இந்த மண்ணில் அதற்கு நான்கு வாழ்க்கை. பூசானுக்கு அருகே ஜின்யோங் பக்கம் விளையும் இனிப்பு வகையைக் காய்ப் பருவத்திலேயே ஆப்பிளைப்போல் நறுக்கித் தின்னலாம், அது அசாக். இந்தத் துவர்ப்பு வகையை அப்படியே கனியவிட்டால் தோலுக்குள் கூழாகித் தளர்ந்து தொங்கும், அது முல்லொங். தோல் சீவி ஏறத்தாழ ஒரு மாதம் காற்றில் தொங்கினால் வெளியே இறுகி உள்ளே பாகாக நிற்கும், அது மல்லாங். இன்னும் ஒரு மாதம் போனால் கருத்துச் சுருங்கி, பழத்தின் சர்க்கரையே மேலே வெண்பொடியாகப் பூத்து, பல்லை விடாமல் பிடித்துக்கொள்ளும், அது ஜொன்தூக். துவர்ப்பைத் தரும் டானின் கரையாத நிலைக்கு மாறிவிடுவதால் நாவுக்கு அது தெரிவதில்லை. ஆங்கில விளக்க அட்டையில் முதலாவதற்குக் 'கிரஞ்சி'யும் மற்ற மூன்றுக்கும் 'ஸாஃப்ட் அண்டு ஸ்வீட்'டும் எழுதியிருந்தார்கள்.

"உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று ஹல்மொனி தம் நாக்கைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். இந்த ஏழு நாளில் தயங்காமல் விடை சொன்ன கேள்வி இது ஒன்றுதான். "துவர்ப்பு" என்றேன், அறுசுவையில் ஒன்று, பாக்கிலும் வாழைப்பூவிலும் மாவடுவிலும் இருப்பது என்று எனக்குத் தெரிந்த கொரியத்தில் விளக்கினேன். "துபர்ப்பு, துபர்ப்பு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாக்கு என்றால் என்னவென்று புரியவைக்கச் சற்று நேரம் பிடித்தது.

பிறகு குளிர்பதனப் பெட்டியிலிருந்து சென்ற ஆண்டுப் பழம் ஒன்றை எடுத்து, காம்பைக் கிள்ளி, வெண்பொடி உதிராமல் என் கையில் வைத்தார். கடித்தேன். உள்ளே கருஞ்சிவப்பாக இருந்தது. பல் இறங்கியது, மெல்லத் திரும்ப எழும்பியது, இனிப்பு பின்னால் வந்தது. "இது? இதற்கு உங்கள் மொழியில்?" என்று அடுத்த கேள்வி வந்தது. குறிப்பேட்டில் அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. வாயில் பழம் இருந்ததால் உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விரலை உயர்த்திச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு மென்றுகொண்டிருந்தேன். அவர் மடியில் அடுத்த பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தோல் அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவத் தொடங்கினார்.